உரோமாபுரி ஐயர் தத்துவ போதகர்

வைப்பாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து அமைந்துள்ளது கீழவைப்பார். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று முத்துக்குளித்துறையின் ஏழு பெருந்துறைகளை எண்ணும்போது இத்துறையையும் சேர்த்தே எண்ணுவது வழக்கம். இக்கரையின் கிறிஸ்தவ வாழ்வு மிகப் பழமையானது. ஆகவே, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவரேனும் புதிதாக வந்து, வேறு விதமாகப் பாடினாலோ, வேறு விதமாக உடுத்தினாலோ, கைதட்டிச் செபித்தாலோ, அது என்னவென்று கேட்பதற்கு முன்பே அது சரியில்லை என்று சொல்லிவிடும் பழக்கமும் இங்கே பழமையானதே. இக்கரைக்கு மட்டும் உரிய குணம் இது என்று சொல்லிவிட முடியாது. கற்றோர் நிறைந்த பேரவைகளையும், ஆயர்களையும், ஏன், கர்தினால் ஒருவரையுமே இப்பழக்கம் பற்றிக்கொண்டதற்கு வரலாற்றில் சான்று உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் மதுரையில் தொடங்கி, கோவாவுக்குச் சென்று, உரோமாபுரியில் முடிந்த ஒரு வழக்கு அது. அவ்வழக்கின் நாயகர் தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி. அவருடைய வாழ்க்கையை நம் கடற்கரையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கடற்கரையின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். முத்துக்குளிக்கும் உரிமை குறித்த பெரும் பூசலில் சிக்கித் தவித்த பரதவர் குலத் தலைவர்கள் 1530களில் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் துணையை நாடினர். அதன் விளைவாக 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் கரை முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1542இல் புனித சவேரியார் வந்தார். அவருக்குப் பின் அண்ட்ரிக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கஸ் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சேற்றினார். பர்னாந்து, ரொட்ரிகோ, கொரைரா என்னும் பெயர்கள் கரையோரக் குடும்பங்களில் நிலைபெற்றன. இவையெல்லாம் நம் மாணவ நண்பர்கள் அறிந்தவையே.

ஆனால் உள்நாட்டில் இக்கரை எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்த மக்களுக்குப் போர்த்துகீசியர் பரங்கியர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடாதவர் என்னும் இழிவுகள் அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. பரங்கியரின் வேதத்தை ஏற்றவர்களும் பரங்கியராகவே எண்ணப்பட்டனர். ஞானஸ்நானத்தின்போது, பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமே ஓரிடத்தில் இருந்ததாக அக்காலக் கடிதங்கள் கூறுகின்றன. கிறிஸ்துவைப் பின்பற்றுவதும் வேற்று நாட்டாரின் குலத்தில் நுழைவதும் ஒன்றே என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை.

மதுரையில் 1595 முதல் ஒரு சிறிய கோவில் இருந்தது. நாயக்கரின் இசைவோடு அமைந்த அக்கோவில், வாணிபத்தின் பொருட்டுக் கரையிலிருந்து மதுரைக்கு வந்து தங்கிய பரதவருக்காக ஏற்பட்டது. அதன் பொறுப்பாளர் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு. இளமையில் படைவீரராக இருந்தவர். பின்னர்த் துறவு பூண்டவர். நேர்மையும் கடும் உழைப்பும் உடையவர். பள்ளி ஒன்றை நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். பதினோராண்டுகள் இவ்வாறு தொண்டாற்றியும் மதுரை நகரத்தார் எவரும் அவருடைய வேதத்தை ஏற்க முன்வரவில்லை. இவர் பெயரை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நொபிலியின் வரலாற்றை எழுதுவோர் பலர் இவரை ஒரு தடைக்கல்லாகவே காட்டிவிட்டு நகர்கின்றனர். அவ்வாறு நகர்வதும் அவசரத் தீர்ப்பே.

நொபிலி 1577இல் இத்தாலியில் பிறந்தார். மோந்தேபுல்சியானோ என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட உயர்குடி அவருடையது. வீட்டாரின் எதிர்ப்பை மீறி நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் லிஸ்பன் துறையிலிருந்து கப்பலேறினார். வழியில் மொசாம்பிக் அருகே கப்பல் உடைந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கோவாவை அடைந்து, அங்கிருந்து கொச்சிக்கும், பின் நம் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். சில மாதங்கள் இக்கரையில் தங்கித் தமிழ் பயின்றார். பிற்காலத்தில் உரைநடையில் நூல் பல இயற்றிய அப்பெரியார் தமிழின் முதற்பாடத்தைக் கேட்டது பரதவரின் வாயிலிருந்துதான் என்று எண்ணும்போது கரையோரத்தாருக்குச் சிறிது பெருமிதம் தோன்றினால் அதில் தவறில்லை. 1606 நவம்பரில் மாநிலத் தலைவர் அல்பெர்ட்டோ லயெர்சியோ அவரை மதுரைக்கு அழைத்துச் சென்று பெர்னாண்டஸின் இல்லத்தில் விட்டார். நொபிலிக்கு அப்போது வயது 29. பெர்னாண்டஸ் அறுபதைக் கடந்தவர்.

இளைஞர் சில வாரங்களிலேயே ஒன்றைக் கண்டார். மதுரையார் கிறிஸ்துவை மறுக்கவில்லை. அவரைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. வேதத்தைச் சொல்பவரின் உடையும் உணவும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டன. எனவே நொபிலி லயெர்சியோவிடமும், கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸிடமும் கலந்து, அவர்களுடைய இசைவு பெற்றுத் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். பாதக்குறடு அணிந்தார், கமண்டலம் ஏந்தினார், நெற்றியில் சந்தனம் இட்டார். புலாலை முற்றிலும் நீக்கினார். நாளுக்கு ஒரு வேளை சோறு. அதையும் அந்தணர் ஒருவர் சமைத்தார். தாம் உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்த துறவி என்றும், பரங்கியர் அல்லர் என்றும் அறிவித்தார். சில காலம் சிலுவை கோத்த பூணூலும் அணிந்திருந்து பின்னர் விட்டுவிட்டார். பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டு அந்தணர் வாழும் பகுதியில் தனி வீடு அமைத்துக்கொண்டார்.

உடையை மாற்றுவது எளிது என்று சிலர் சொல்லக்கூடும். மதுரை வெயிலில் ஒரு வேளைச் சோற்றோடு ஐம்பதாண்டுக் காலம் அவ்வாறே இருந்து காட்டியவரைப் பார்த்து அப்படிச் சொல்வது பொருந்தாது. அதற்கும் மேலாக அவர் கற்றார். பெர்னாண்டஸின் பள்ளியில் கற்பித்து வந்த சைவ ஆசிரியர் ஒருவரோடு நாள்தோறும் மணிக்கணக்கில் வாதிட்டார். படைத்தவன் ஒருவனா, உயிர்கள் எத்தனை, மறுபிறவி உண்டா என்று அவ்வாதம் இருபது நாட்கள் நடந்தது. முடிவில் அந்த ஆசிரியரே முதலில் ஞானஸ்நானம் பெற்றார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் சமஸ்கிருதம் பயின்றார். வேத நூல்களை அயலார்க்குக் காட்டலாகாது என்ற தடை இருந்த காலத்தில் சிவதருமர் அவற்றை அவருக்குக் கற்பித்தார் என்பது ஒரு சாதாரணச் செய்தியன்று. சமஸ்கிருதத்தை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியர் சிலருள் நொபிலியும் ஒருவர். இதே காலத்தில் சீன நாட்டில் மத்தேயு ரிச்சி என்ற மற்றோர் இயேசு சபைத் துறவி, கன்பூசிய அறிஞரின் உடையை அணிந்து 1601 முதல் பீக்கிங்கில் வாழ்ந்து வந்தார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம்.

பதினோராண்டுகள் எவரும் வாராத இடத்திற்கு மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினர். அவர்கள் குடுமியை எடுக்கவில்லை, பூணூலைக் களையவில்லை, சந்தனம் இடுவதையும் நீராடுவதையும் நிறுத்தவில்லை. மதுரையில் இப்போது இரண்டு கோவில்கள், இரண்டு குருமார், ஒரே வேதம். ஆனால் ஒரு கோவிலார் மற்றக் கோவிலில் காலடி வைப்பதில்லை. நொபிலி தம் மூத்த சகோதரரின் இல்லத்திற்கு வெளிப்படையாகச் செல்வதையும் நிறுத்திக்கொண்டார்.

கரையோரத்தார் மனநிலையை இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள். எழுபதாண்டுகளாகக் கிறிஸ்தவர்களாக வாழ்ந்து வந்த பரதவர் அவர்கள். கொள்ளையையும் போரையும் கண்டு, விசுவாசத்தை விடாமல் காத்தவர்கள். நேற்று வந்த ஓர் இத்தாலியர், அவர்களிடமே தமிழ் கற்றுவிட்டு, தாம் அவர்களைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்கிறார். அவர்களுடைய குருவோடு உண்ணவும் மறுக்கிறார். அவர்கள் நெஞ்சு புண்பட்டிருக்கும், புண்பட்டது நியாயமே. மதுரைத் தெருவில் ஒருவர் நின்று, நொபிலியும் பெர்னாண்டஸும் ஒரே இனத்தவர், ஒரே வேதத்தவர் என்று உரக்கச் சொல்லிவிட, நகரமெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. 1611இல் நொபிலி ஓலையில் ஓர் அறிக்கை எழுதித் தம் வீட்டின் முன் ஒட்டுவித்தார். தாம் பரங்கியர் அல்லர் என்றும், தாம் போதிக்கும் வேதம் எந்த ஓர் இனத்தாருக்கும் தனியுரிமையானது அன்று என்றும் அதில் விளக்கினார். அவ்வறிக்கையின் இரண்டாம் பகுதியை இன்று எவரும் மறுக்கமாட்டார்கள். முதற்பகுதி கரையோரத்தாருக்கு இன்றும் சற்றே உறுத்தும்.

இதற்கு முன்பே, 1610இல், பெர்னாண்டஸ் தம் மேலாளர் நிக்கொலாவ் பிமென்டாவுக்கு ஒரு முறையீட்டை எழுதி அனுப்பியிருந்தார். நொபிலியின் உடை, உணவு, சந்தனம், பூணூல், தனிக்கோவில் எல்லாம் பிற சமயச் சடங்குகளே என்பதும், இவர் கிறிஸ்தவத்தை மறைத்து வைக்கிறார் என்பதும் அதன் சாரம். குற்றச்சாட்டு கடல் கடந்தது. கடல் கடக்கக் கடக்க அது பெரிதாயிற்று. நொபிலி கிறிஸ்துவையே விட்டுவிட்டு வேறு சமயத்தில் சேர்ந்துவிட்டார் என்ற வதந்தி ஐரோப்பாவில் உலவியது. அவருக்கு உறவினரும், பெரும் இறையியல் அறிஞருமான கர்தினால் பெல்லார்மின் அதை நம்பி மனம் வருந்தி, கண்டித்துக் கடிதம் எழுதினார்.

இம்முறையீட்டை எதிர்கொண்டவர்கள் பலர். அவர்கள் நடந்துகொண்ட விதமே இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி. பேராயர் ரோஸ் மலையாள நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். தோமையார் கிறிஸ்தவரின் சிரிய மொழியையும் வழக்கங்களையும் நேரில் கற்றவர். கிறிஸ்துவை ஏற்றவர்கள் போர்த்துகீசியரைப் போல் இல்லாமலும் இருக்கலாம் என்பது அவருக்குப் பழகிய உண்மை. ஆகவே அவர் நொபிலியிடம் விளக்கம் கேட்டார். கேட்டபின் துணை நின்றார். பெல்லார்மினுக்கு அத்தகைய அனுபவம் இல்லை. வதந்தி முதலில் அவரை வென்றது. ஆனால் நொபிலியின் நீண்ட விளக்கம் கைக்கு வந்து சேர்ந்ததும் அதை முழுவதும் படித்தார். படித்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த முதியவர் ஒருவர், தாம் எழுதிய கண்டனத்தைத் தாமே திரும்பப் பெறுவது எளிதன்று. அறிவுடைமை அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாம் இதனை நன்கு மதிக்கக்கூடும்.

நொபிலியின் விளக்கத்தின் அடிப்படை ஒரே ஒரு வேறுபாடுதான். ஒரு நாட்டாரின் வழக்கத்தில் சமயச் சடங்கு எது, சமுதாயப் பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தனம் குளிர்ச்சிக்கும் அலங்காரத்திற்கும் உரியது. குடுமியும் பூணூலும் குலத்தையும் நிலையையும் காட்டுவன. நீராடல் தூய்மைக்கு உரியது. இவற்றை விடச் சொன்னால் மக்கள் தம் நாட்டையே விடச் சொல்வதாக எண்ணுவார்கள். உரோமானியரும் கிரேக்கரும் கிறிஸ்தவரான காலத்தில் திருச்சபை அவர்களுடைய உடையையும் விழாக்களையும் எவ்வாறு ஏற்றுத் திருத்திக்கொண்டது என்று பழைய திருச்சபைத் தந்தையரிலிருந்து சான்று காட்டினார். மறுபுறம் இந்நாட்டு அறநூல்களிலிருந்தும் சான்று காட்டினார். 1613இலும் 1619இலும் அவர் இலத்தீனில் எழுதிய அறிக்கைகள், இந்தியச் சமுதாயத்தைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய விரிவான ஆய்வுகளுள் அடங்கும்.

இனி பெர்னாண்டஸைப் பார்ப்போம். நொபிலி நூல்களைக் காட்டி வாதாடுகிறார் என்று கண்டதும் அம்முதியவர் வாளாவிருக்கவில்லை. தமக்குச் சமஸ்கிருதம் தெரியாது; ஆனாலும் அந்தணர் ஒருவரின் துணையைக் கொண்டு, பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள அந்தணர் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, 1616இல் போர்த்துகீசிய மொழியில் ஒரு பெரிய நூலாக எழுதினார். பூணூல் அணிவிக்கும்போது ஓதப்படும் மந்திரங்கள் உண்டு, ஆகவே அது வெறும் சமுதாய அடையாளம் ஆகாது என்று நிறுவுவதே அவர் நோக்கம். எழுபது வயதைத் தாண்டிய நிலையில் இவ்வளவு உழைத்தார்! அவருடைய 1610ஆம் ஆண்டுக் கடிதம் ஓர் எரிச்சலில் பிறந்தது. 1616ஆம் ஆண்டு நூலோ விசாரணையில் பிறந்தது. முன்னதை மறந்துவிடலாம்; பின்னதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். அது 1973இல் லிஸ்பனில் அச்சாயிற்று. பூணூலைப் பற்றி அவர் எழுப்பிய ஐயம் பொருளற்றது என்று ஒதுக்கிவிட இயலாது என்பதே என் கருத்து. சடங்கையும் பழக்கத்தையும் நொபிலி பிரித்த கோடு, அவர் நினைத்த அளவு நேரானது அன்று.

1619 பிப்ரவரியில் கோவாவில் பேரவை கூடியது. பேராயர் கிறிஸ்தோவாவ் தெ சா தலைமை வகித்தார். காவி உடையோடும் பாதக்குறட்டோடும் நொபிலி கோவா நகரத் தெருவில் நடந்து வந்ததைக் கண்டு அவருடைய சபையினர் சிலரே முகம் சுளித்தனர். பேரவையில் இருந்தோர் பெரும்பாலோர் மதுரையைக் கண்டவர் அல்லர்; தமிழ் அறியார். கண்ணில் பட்ட உடையே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. ரோஸ் பேராயர் வாதாடினார். சமய விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மேய்தா என்பவரும் நொபிலியின் பக்கம் நின்றார். மிகக் கடுமையான மன்றம் என்று உலகம் அஞ்சிய இடத்திலிருந்து ஒருவர் எழுத்துகளை ஆராய்ந்து பார்த்து ஆதரவு தந்தது வியப்புக்குரியது. எனினும் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராகவே வாக்களித்தனர்.

வழக்கு உரோமைக்குச் சென்றது. அங்கே எவரும் அவசரப்படவில்லை. இருதரப்பு எழுத்துகளும் இறையியலாரிடம் ஒப்படைக்கப்பட்டு ஆராயப்பட்டன. 1623 ஜனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்பை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் பிற சமயக் கருத்துகளினின்று நீக்கிக் கொள்ளலாம்; ஆயினும் மேலும் ஆராய்ச்சி நடைபெறும் வரையில்தான் இந்த இசைவு. அதே ஆணையில் மற்றொன்றும் இருந்தது. உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் தம் செருக்கை விட வேண்டும். தாழ்ந்தோர் எனப்படுவோரை இகழ்ந்து தனியே வழிபடலாகாது என்று பாப்பரசர் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். நொபிலியின் வெற்றியைப் பற்றிப் பேசுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர்.

நாம் கடக்கலாகாது. புதிய இயக்கத்தைத் திறந்த மனத்தோடு அணுகுவது வேறு; அதன் எல்லாக் கூறுகளையும் ஏற்றுப் போற்றுவது வேறு. சாதி வேற்றுமையை நொபிலி சமுதாயப் பழக்கம் என்ற பட்டியலில் சேர்த்தார். குடுமியும் சந்தனமும் யாரையும் துன்புறுத்துவதில்லை. சாதி துன்புறுத்தும். ஒருவரைக் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்தும் பழக்கத்தைச் சந்தனத்தோடு ஒன்றாக எண்ணியதற்கு நொபிலியின் எழுத்துகளில் நிறைவான விடை கிடைப்பதில்லை. அவர் தொடங்கிய முறையின் நிழல் தமிழ்நாட்டுக் கோவில்களில் தனித்தனி இருக்கை வரிசைகளாகவும், தனித்தனிக் கல்லறைகளாகவும் நெடுங்காலம் நீண்டது. எனினும் இதை உணர்ந்தவர்கள் அவருடைய வழியிலேயே தோன்றினர் என்பதையும் சொல்ல வேண்டும். 1640இல் பல்தசார் தா கொஸ்தா என்பவர் பண்டாரசாமியாக வேடம் பூண்டார். பண்டாரசாமிகள் எல்லாக் குலத்தாரோடும் பழகலாம். நொபிலியின் இசைவோடு ஏற்பட்ட இவ்வழி விரைவில் மற்றதை மிஞ்சி வளர்ந்தது. 1693இல் ஓரியூரில் உயிர் நீத்த அருளானந்தர் இவ்வழி வந்தவரே.

தீர்ப்புக்குப் பின் நொபிலி சேந்தமங்கலம், சேலம், திருச்சி என்று நடந்தே சென்று போதித்தார். திருமலை நாயக்கர் காலத்தில், 1640இல், மதுரையில் சிறைப்பட்டுப் பல மாதங்கள் துன்புற்றார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய நூல்களைத் தமிழில் இயற்றினார். தமிழ் உரைநடை வளர்ச்சியைப் பாடமாகப் பயில்வோர் இவற்றைத் தவிர்க்க இயலாது. வடசொற்கள் மிகுதி என்பது உண்மையே. வீரமாமுனிவரின் நடையழகை இவரிடம் எதிர்பார்க்கலாகாது.

இறந்த பின்னரும் அவரை அவசரத் தீர்ப்பு விடவில்லை. எசூர் வேதம் என்ற ஒரு நூல் பிரெஞ்சு மொழியில் எழுந்தது. வால்டேர் அதன் கைப்படியை 1760இல் பெற்று, பழைய இந்திய வேதம் என்றே நம்பிப் பாராட்டினார். 1778இல் அது அச்சாயிற்று. அது போலி என்று தெரிந்ததும் போலியை யார் செய்தது என்ற வினா எழுந்தது. திருக்குறளுக்கு உரை கண்ட நம் எல்லீசர், புதுச்சேரியில் இருந்த கைப்படிகளை ஆராய்ந்து, அவ்வூர்க் கிறிஸ்தவர்களின் செவிவழிச் செய்தியை ஏற்று, நொபிலியின் பெயரைச் சொன்னார். அக்கட்டுரை 1822இல் வெளியானது. வேதத்தையே போலியாகப் படைத்தவர் என்ற பழி நூற்றாண்டுக் காலம் நொபிலியைத் தொடர்ந்தது. அந்நூல் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவியரிடையே தோன்றியது என்பதைப் பின்வந்தோர் தெளிவுபடுத்தினர். 1984இல் லூடோ ரோஷர் அதனை விரிவாக நிறுவினார். எல்லீசர் போன்ற நடுநிலையாளரே செவிவழிச் செய்திக்கு இடங்கொடுத்தார் என்றால் மற்றவரைப் பற்றி என்ன சொல்வது!

உரோமையின் தீர்ப்பும் நிலையாக நிற்கவில்லை. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் இம்முறைகளுள் பலவற்றைத் தடுத்து, அதனை மீறுவதில்லை என்று குருமார் உறுதிமொழி எடுக்கவும் ஆணையிட்டார். 1940இல்தான் அவ்வுறுதிமொழி நீக்கப்பட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாடு முழுவதும் தமிழிலேயே நடைபெறத் தொடங்கியது. காவி உடுத்த கிறிஸ்தவத் துறவியரைக் கண்டு இன்று எவரும் முறையீடு எழுதுவதில்லை.

முதுமையில் நொபிலிக்குப் பார்வை மங்கியது. மேலாளர்கள் அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பினர். மயிலாப்பூர் அக்காலத்தில் பரங்கியரின் நகரம். அங்கும் அவர் மண் குடிசையொன்றில், அதே எளிய மரக்கறி உணவோடு வாழ்ந்தார். தாம் எழுதிய நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டுத் திருத்தி வந்தார். 1656 ஜனவரி 16ஆம் நாள் அங்கேயே காலமானார்.

ஒரு சிறு செய்தி எஞ்சியுள்ளது. அவருக்கு முன் இக்கரையில் கடவுளைத் தம்பிரான் என்றும், வழிபாட்டை மிசை என்றும் சொன்னார்கள். நொபிலி சருவேசுரன் என்றும், பூசை என்றும் சொன்னார். அவர் தம்மிடமிருந்து விலக்கி வைத்த கரைக்கே அச்சொற்கள் பின்னாளில் வந்து சேர்ந்தன. சருவேசுரன் பழைய செபப் புத்தகங்களில் நெடுங்காலம் இருந்தார். நூல்களில் திருப்பலி என்ற புதுச்சொல் வந்துவிட்டபோதிலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையோரத்துப் பாட்டிமார் பூசைக்கு நேரமாயிற்று என்றுதான் பிள்ளைகளை எழுப்புகின்றனர். கோவிலுக்குள் நுழைந்ததும் அவர்கள் நெற்றியில் இடுவது குருசு. அது போர்த்துகீசியச் சொல். பூசை மதுரையிலிருந்தும், குருசு கடலிலிருந்தும் வந்தவை என்று அவர்களிடம் யாரும் சொல்லியதில்லை.